நாங்களே சுரண்டி வைத்த சுவர்

இரும்புத் தகட்டால் சுவரைச் சுரண்டும் சத்தம்... கேட்டாலே பல் கூசும். அப்பாவின் புருவத்திலும் மீசையிலும் நீலத் தூள் படிந்திருந்தது. நடுநடுவே தும்மிக்கொண்டே சுரண்டினார்.

குடவாசல் பக்கத்தில்தான் எங்கள் ஊர். அப்போது தை மாதம், சம்பா அறுவடை நேரம். ரோடு முழுக்க வைக்கோல் காய்ந்துகொண்டிருந்தது. நான் பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன்.

எங்கள் சின்ன சர்ச்சுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு வாலன்டியர் டீம் வருவதாகச் செய்தி வந்தது. ஊரே பரபரப்பானது. எங்கள் பாஸ்டர், அப்பாவையும் இன்னும் சிலரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றவங்க சும்மா உக்காந்துட்டுப் போனா நல்லாருக்காதுப்பா. அவங்க கையால செய்ய ஏதாச்சும் வேலை வேணும். பெயின்ட் அடிக்கிறோம்னு சொல்லியிருக்காங்க. தெக்குச் செவுத்த கொஞ்சம் சுரண்டி வச்சிருங்க."

"கிறிஸ்மஸுக்குத்தானே ஐயா அடிச்சோம்..."

"தெரியும்ப்பா. தெரியாமலா சொல்றேன்?"

அந்த நீலம் அப்பாவும் அந்தச் சிலரும் அடித்தது. பகலெல்லாம் வயலில் நின்றுவிட்டு, சாயங்காலம் வந்து சாரம் கட்டி, ஓரத்தில் சந்தன நிறத்தில் பட்டை இழுத்து... முடித்த அன்று அப்பா அம்மாவைக் கூட்டி வந்து காட்டினார். அதையேதான் இப்போது சுரண்டினார். எங்கள் வயலில் அறுப்பு மெஷின் இறங்கும் நாள் அது. மெஷினோடு அம்மா நின்றாள்.

டீம் வந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி டி-ஷர்ட். மார்த்தா என்ற உயரமான பெண்மணிதான் லீடர். உண்மையைச் சொல்ல வேண்டும்... ரொம்ப நல்ல மனுஷி. அம்மா வைத்த மிளகாய் போடாத சாம்பாரை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தெருப் பிள்ளைகள் எல்லோர் பேரையும் மனப்பாடம் செய்தார். எல்லோருமே வெயிலில் முகம் சிவந்து, மஞ்சள் பெயின்ட்டை முழங்கை வரை பூசிக்கொண்டு வேலை செய்தார்கள். பாட்டு, சிரிப்பு, போட்டோ. ஊர் ஆண்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நான்தான் மொழிபெயர்ப்பாளர். அதில் எனக்கு எவ்வளவு பெருமை! அம்மாவின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

கடைசி நாள் ஆராதனை முடிந்ததும் மார்த்தா பேச எழுந்தார். பக்கத்தில் நான், கையில் மைக். அவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். நன்றி, அன்பு, உணவு... எல்லாம் சுலபமாக வந்தது.

அப்புறம் அவர் கண்கலங்கி ஒன்று சொன்னார். நான் அதையும் சொன்னேன். சரியான வார்த்தை போட வேண்டும் என்ற கவனம்தான் எனக்கு. பரீட்சையில் எழுதுவது மாதிரி, ஒரு சொல்லும் விடாமல்.

"நாங்கள் வந்தபோது இந்தச் சுவர் பாழடைந்து கிடந்தது. இதைச் சரிசெய்ய உங்களிடம் ஆள் இல்லை. அதனால்தான் கர்த்தர் எங்களை அனுப்பினார்."

சொல்லி முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

முன்வரிசையில் அப்பா. பக்கத்தில், அவரோடு சாரம் கட்டியவர்கள். ஒருவர் குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து யாரோ மெல்லச் சிரித்த சத்தம். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்... ஜெபம் செய்கிறவர் மாதிரி.

அப்பாதான் முதலில் கை தட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். மார்த்தா இறங்கி வந்து, அழுதபடி அம்மாவைக் கட்டிக்கொண்டார்.

வேன் கிளம்பிப் போன பிறகு வீட்டுக்கு வந்தோம். நான்தான் தாங்காமல் கேட்டேன்.

"அப்பா, எம்மேல கோவமா?"

"எதுக்கு? நல்லாத்தான் பேசுன. எல்லாரும் சொன்னாங்க."

கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. பாவம், நல்ல மனசோட வந்தாங்க. ஆள் இல்லேன்னு சொன்னியே... அத மட்டும் கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கலாம்மா. உனக்குத் தெரியுமில்ல."

அதட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவர் கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

பங்குனி வெயிலில் மஞ்சள் உரிய ஆரம்பித்தது. அடியில் சரியாகப் பூச்சு கொடுக்கவில்லை. அறுவடை வேலை ஓய்ந்ததும் அப்பாவும் மற்றவர்களும் மறுபடி சாரம் கட்டினார்கள். நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. டீ கொண்டுபோகச் சொன்னபோதும், தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

அப்பா இப்போது இல்லை. நான் தஞ்சாவூரில் டீச்சராக இருக்கிறேன். இப்போதெல்லாம் எங்கள் சர்ச்சிலிருந்தே வெளிநாட்டுக்கு டீம் போகிறது! அன்றைக்கு எங்கள் ஊரில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்போமா? இந்த முறை இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். ஏற்பாடு என் பொறுப்பு. "இல்லாதோருக்கு உதவிக்கரம்" என்று வாட்ஸ்அப்பில் போஸ்டர்கூடப் போட்டாகிவிட்டது. போட்டது நான்தான்.

போன வாரம் அந்தத் தோட்டத்து பாஸ்டரோடு போனில் பேசினேன். தமிழர்தான், வயதானவர். தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் பேசி முடித்த பிறகு, ரொம்பப் பிரியமாக ஒன்று கேட்டார்.

"உங்க புள்ளைகளுக்கு என்ன வேலை குடுத்தா சந்தோசமா இருக்கும்? சொன்னீங்கன்னா, நாங்க முன்னாடியே ரெடி பண்ணி வச்சிருவோம்."

"ஒண்ணும் ரெடி பண்ணாதீங்க பாஸ்டர்!"

என்னையும் அறியாமல் கத்திவிட்டேன். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏதும் தப்பா கேட்டுட்டேனுங்களா?"

"ஐயோ... நீங்க இல்லீங்க" என்றேன். அதற்கு மேல் எனக்குத் தமிழே வரவில்லை.