வேடிக்கை பார்த்த போன்

நான் எடுத்த படத்தைத் தன் படம் என்று சொல்லி ஒருவர் கைதட்டல் வாங்கினார். போனால் போகிறது என்று விட்டுவிடும்படி வீட்டில் சொன்னார்கள். நான் விடுகிற ரகம் இல்லை.

தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கு கிளியர் பண்ணும் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்கள் மொட்டை மாடிக்குக் கிழக்கே நிலக்கரி யார்டின் விளக்குகள் எரியும். அந்த வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்கு நாலு நட்சத்திரம் தெரிந்தாலே பெரிய காரியம். அதனால்தான் ஸ்மார்ட் டெலஸ்கோப் வாங்கினேன். அதில் கண்ணை வைத்துப் பார்க்கும் வேலை கிடையாது. போனில் ஒரு பெயரைத் தொட்டால் தானே தேடித் திரும்பும். படத்தின் மேல் படமாக எடுத்து அடுக்கி, கண்ணுக்குத் தெரியாத நிறத்தையெல்லாம் போனில் கொண்டுவந்துவிடும்.

எங்கள் வானியல் குழுவின் தலைவர் ஹார்டுவேர் கடை அண்ணாச்சி. அவரிடம் ஆளுயர டெலஸ்கோப் இருந்தது. யாரிடம் பெரிய குழல் இருக்கிறதோ அவர் மைக் பிடிப்பார், மற்றவர்கள் கூட்டத்தை வரிசையில் நிறுத்த வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். என் கருவியை முதலில் பார்த்தபோது, "ஏளா, இது டெலஸ்கோப்பா, டிபன் கேரியரா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த டிபன் கேரியரில் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தைப் பிடித்து, குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன். அடுத்த வாரம் ஒரு கல்லூரிக் கூட்டத்தில், தன் குழலில் பிடித்தது என்று சொல்லி அண்ணாச்சி அதைக் காட்டினார். நானும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் கேட்டேன்.

"குரூப்புல போட்டா அது குரூப்புக்கு உள்ளதுதானே. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்குதியே" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்தப் படத்தை எடுத்தது யார் என்று இந்த ஆள் வாயாலேயே, நாலு பேர் முன்னால் சொல்ல வைக்க வேண்டும். வேறு எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

தை மாதம் சாயர்புரம் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் வானம் காட்டப் போனோம். பொழுது சாய்ந்து இருட்டியதும் ஊரே வந்துவிட்டது. அண்ணாச்சியின் குழலில் நெபுலா சாம்பல் பூசியது போலத்தான் தெரிந்தது.

"காலேஜ்ல நீங்க காட்டின படத்துல சிவப்பா இருந்துச்சே சார்?" என்று ஒரு டீச்சர் கேட்டார்.

அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. என்னிடம் வந்து குழைந்தார். "ஏளா, உன் மிஷின என் போன்ல ஏத்திக் குடு. நான் சனங்களுக்குக் காட்டுதேன்."

டெலஸ்கோப்பின் ஆப்பை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன். அந்த ஆப்பில் ஒரு போனுக்குத்தான் கண்ட்ரோல், அது என் போன். மற்ற போன்களில் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவருடைய போனைப் பெரிய திரையில் இணைத்தார்கள். நெபுலா சிவப்பாக வந்தது. கூட்டம் கைதட்டியது. அண்ணாச்சி மைக்கில், "இப்போது நான் கருவியைக் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குத் திருப்புகிறேன்" என்று அறிவித்துவிட்டுப் போனைத் தொட்டார். கருவி அசையவில்லை. திரும்பவும் தொட்டார். பின்னால் யாரோ சிரிக்க, சிரிப்பு முன்வரிசை வரைக்கும் வந்தது. எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "என்னளா இது, நகர மாட்டேங்கு?" என்றார்.

"கண்ட்ரோல் எங்கிட்ட இருக்கு அண்ணாச்சி."

"குடேன்."

"அந்த நெபுலா படத்த யாரு எடுத்ததுன்னு மைக்குல சொல்லுங்க."

"இங்கன வச்சா?"

"இங்கன வச்சுத்தான்."

கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மைக்கைப் பொத்திய கையை எடுத்துவிட்டு, "கல்லூரியில் நான் காட்டிய நெபுலா படம்... அது என்னுடையது இல்லை. இந்தத் தங்கச்சி எடுத்தது" என்றார். சொல்லி முடித்ததும் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு, கண்ட்ரோல் வரும் என்று காத்துக்கொண்டு நின்றார்.

நான் போய் அவருடைய இன்னொரு கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டேன். கண்ட்ரோலைக் கொடுக்கவில்லை.