என் வயிற்றில் வந்த அவள் வலி

எங்கள் மில்லில் ஒரு காலத்தில் ஆண்களுக்கு மாதவிலக்கு வந்துகொண்டிருந்தது. எனக்கும் வந்தது. தறிக்கூடத்தில் என்னைவிடப் பெரிய மீசைக்காரர்களுக்கெல்லாம் வந்தது என்பதால் எனக்கு அதில் வெட்கமொன்றும் இல்லை.

விஷயம் இதுதான். மாதா மாதம் சம்பளத்தில் இன்சூரன்சுக்கு என்று பிடித்துக்கொள்வார்கள். அதற்கு ஓர் அட்டை உண்டு. அட்டையைக் காட்டினால் வில்லியனூர் டிஸ்பென்சரியில் டாக்டர் பார்ப்பார், மருந்து கொடுப்பார். ஆனால் அந்த வைத்தியம் அப்போது தொழிலாளிக்கு மட்டும்தான். வீட்டில் இருக்கிறவளுக்குக் கிடையாது. எங்கள் மில்லில் தொழிலாளி என்றால் ஆம்பளை. ஆகவே வீட்டுக்காரிக்கு என்ன வந்தாலும் அதைத் தனக்கு வந்ததாகச் சொல்லி மருந்து வாங்கிவருவது எங்கள் பக்கத்து ஆண்களின் வழக்கம். காய்ச்சல், இருமல் என்றால் சுலபம். மற்றதை 'அடிவயித்து வலி' என்று பொதுவாகச் சொல்லிவைப்போம்.

டிஸ்பென்சரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் கேட்கக் காது கூசும்.

"இன்னாபா, இந்த மாசம் எப்படி?"

"கொஞ்சம் ஜாஸ்திபா. இடுப்பே வுட்டுப்போச்சு. உனக்கு?"

"எனக்கு நாள் தள்ளிப்போச்சு. காலையில எழுந்தா ஒரே வாந்தி."

"நல்ல சேதிதான. புளிப்பா எதுனா துண்ணு."

இவற்றைச் சொன்னவர்கள் தேரிழுக்கும்போது முன்வடம் பிடிக்கிற ஆட்கள்.

என் கதை கொஞ்சம் வேறு. எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. அவளுக்கு விலக்கு வந்தால் நிற்காது. அவள் நடவுக்குப் போகிறவள். சேற்றில் நின்று குனிந்தவள் நிமிர முடியாமல் வரப்பில் போய் உட்கார்ந்துவிடுவாள். ஒருமுறை டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். கட்டிலைச் சுற்றி டாக்டருக்குப் படிக்கிற பையன்கள் வந்து நின்றதும் சேலையை இழுத்துச் சுற்றிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். அரியாங்குப்பத்தில் கட்டிக்கொடுத்த அவள் தங்கைக்கு அப்போதுதான் இரண்டாவது பிறந்திருந்தது. அதற்கென்று தைத்த சின்னச் சட்டை பஸ்ஸில் திரும்பும்போது அவள் மடியில் இருந்தது. தங்கை வீட்டுக்குப் போகாமலே நேராக வீடு வந்து சேர்ந்தோம்.

அதன் பிறகு என் வயிற்றை நம்புவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

டிஸ்பென்சரிக்குப் போகிற நாளுக்கு முந்தைய சாயங்காலம் எங்கள் வீட்டில் ஒத்திகை நடக்கும். அவள் அடுப்பில் குழம்பு கூட்டிக்கொண்டே பாடம் எடுப்பாள்.

"வலி எப்படினு டாக்டரு கேட்டா இன்னா சொல்லுவ?"

"வலிக்குதுனு சொல்லுவேன்."

"ஆமா, மூஞ்சப் பாரு. ஈரத்துணியப் புழியற மாதிரினு சொல்லு."

"ஈரத்துணியப் புழியற மாதிரி."

"ஜவுளிக்கட ஆளு வெல சொல்ற மாதிரி சொல்றியேய்யா. இடுப்பப் புடிச்சிக்கினு சொல்லு. வலப்பக்கம் இல்ல, இந்தப் பக்கம். தொட வரைக்கும் இழுக்கும். அப்போ பேச்சு வராது, பல்லத்தான் கடிப்பேன்."

நான் பல்லைக் கடித்துக் காட்டுவேன். தறியில் கை மாட்டிக்கொண்டவன் மாதிரி இருக்கிறது என்று சிரிப்பாள். சிரித்துக்கொண்டே இருக்கையில் நிஜமான வலி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொள்வாள். அப்போது நான் அவள் முகத்தைப் பார்த்துச் சரியாகக் கற்றுக்கொள்வேன். எங்கள் காலத்தில் எந்தப் புருஷனும் பெண்டாட்டியிடம் இதையெல்லாம் கேட்டதில்லை. இன்சூரன்சுக்காரர்கள் புண்ணியத்தில் நான் கேட்டேன்.

டாக்டர் வயசானவர், நல்ல மனுஷர். நாங்கள் செய்வது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி மாத்திரை கொடுத்துவந்தார். ஒருநாள் என் நடிப்பைக் கடைசிவரை பார்த்துவிட்டு, மேசையில் ஏறிப் படுக்கச் சொன்னார். வயிற்றை அழுத்தினார். ஒத்திகையில் இந்தக் கட்டம் இல்லை. நான் இடப்பக்கம் அலறவேண்டியதை வலப்பக்கம் அலறிவிட்டேன்.

"வலி உனக்கா, வூட்டுலயா?" என்றார் டாக்டர்.

"வூட்டுலதான் சார்."

"எவ்ளோ நாளா ரத்தம் போவுது?"

சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "இதுக்கு மாத்திர பத்தாதுபா. கைய வச்சிப் பாக்கணும். உன் வயித்துல கைய வச்சி அந்தம்மா வயித்தப் பாக்க முடியுமா?"

அதை அப்படியே வந்து அவளிடம் சொன்னேன். அவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள்: "உன் சம்பளத்துலதான புடிக்கிறான்? அந்தச் சம்பளத்துல சோறு துண்றவதான நானு? அப்போ அட்ட எனக்கும் வேணும். பாக்கறதுக்குப் பொம்பள டாக்டரு வேணும். உங்க சங்கத்துல போயி கேளு."

நான் சங்கத்தில் கையைத் தூக்கினால் தேநீர் வேண்டுமா என்றுதான் கேட்பார்கள். என் கோமாளித்தனம் அப்படிப் பேர் வாங்கியிருந்தது. அவளுக்கும் அது தெரியும். ஆகவே அவளே வந்தாள், கூட நடவுக்கு வருகிற நாலைந்து பெண்களோடு. மில் வாசலில் போனஸ் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தலைவர் தண்ணீர் குடிக்க நிறுத்திய நேரம் பார்த்து எழுந்து நின்றாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். எங்க வூட்டுக்காரருக்கு மாசா மாசம் தூரம் வருது."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. நான் டீக்கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் இருந்தேன்.

அவள் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். "இவருக்கு மட்டுமில்ல. இங்க சிரிக்கிற பாதிப் பேருக்கு வருது. எங்களுக்காக அவங்க வலி வாங்கிக்கினு போறாங்க, தப்பு சொல்லல. ஆனா பிள்ளத்தாச்சிக்கு வலி கண்டா இவங்க போயி பெத்துக்கினு வர முடியுமா? எனக்கு ஒரு பிள்ள வேணும். ஏன் தங்கலனு யாராவது கைய வச்சிப் பாத்துச் சொல்லணும். அந்த அட்டையில எங்களயும் சேருங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. முன்வடம் பிடிக்கிற மீசைக்காரர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் அதைக் கோரிக்கையில் சேர்த்தார், எல்லாவற்றுக்கும் கடைசியில். அடுத்த கூட்டத்துக்கும் அவள் வந்தாள். அதற்கடுத்ததற்கும். பெண்கள் கூடக்கூட, கோரிக்கை மேலே ஏறியது. நடுவில் இரண்டு மழைக்காலம் போயிற்று. அதற்குள் அவள் நடவை நிறுத்தியிருந்தாள், நிற்கத் தெம்பில்லை.

ஒருவழியாகக் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு என்று உத்தரவு வந்தது. வாரம் ஒரு நாள் வில்லியனூருக்கு ஒரு பெண் டாக்டரும் வந்தார். முதல் நாளே கூட்டிப்போனேன். பழக்கதோஷத்தில் நானும் உள்ளே நுழைந்தேன். நர்சம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்களுக்கு இன்னா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். இத்தனை வருஷம் நடித்தவனுக்கு அன்றைக்கு வசனமே இல்லை.

வெளியே வந்தவள் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கர்ப்பப்பையில் கட்டி. முன்னாலேயே பார்த்திருந்தால் கட்டியை மட்டும் எடுக்கப் பார்த்திருக்கலாமாம். இப்போது பையையே எடுக்கவேண்டுமாம்.

நான் அவள் கையிலிருந்த டாக்டர் சீட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

"கைய வச்சிப் பாத்தாங்கய்யா," என்றாள். "ரொம்ப மெதுவா பாத்தாங்க."

ஆபரேஷன் முடிந்து உடம்பு தேறியதும் அந்தச் சின்னச் சட்டையைத் தங்கையின் மூன்றாவது குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள். வாரா வாரம் டாக்டரம்மா வருகிற நாளில் கூச்சப்பட்டு வீட்டிலேயே கிடக்கும் பெண்களைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பெஞ்சில் பெண்கள் உட்கார்ந்தார்கள். எங்கள் ஆண்களுக்கு வயிற்றுவலி அதோடு நின்றுபோயிற்று.

எங்கள் வீட்டில் ஒத்திகையும் நின்றது. தன் வலியைச் சொல்ல அவளுக்குத் தன் வாயே போதும் என்றாகிவிட்டது. அதற்காகத்தானே அத்தனை கூட்டம். ஆனாலும் சாயங்காலம் குழம்பு கொதிக்கும்போது, எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று அவள் எனக்குச் சொல்லிக்கொடுக்கமாட்டாளா என்று நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது உண்டு.

அவள் போய்ச் சில வருஷமாகிறது. எனக்கு இப்போது நிஜமாகவே வயிற்றுவலி. நாளைக்கு டாக்டரிடம் போகவேண்டும். சற்றுமுன் அடுப்படியில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். எந்தப் பக்கம் பிடிப்பது என்று சொல்ல ஆளில்லை.