பழைய பங்களாவுக்கு வெள்ளையடித்தோம்

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருமுனையில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்று இருக்கிறது. அதில் ஆள் குடியிருந்து வருஷக்கணக்காகிறது. அந்த இடத்தை வணிகப் பகுதியாக மாற்றி உத்தரவு வந்ததும் தெருவே கொதித்தது. இது பழமையான வீடு, குடியிருப்பாகவே இருக்கட்டும் என்று எல்லோரும் சேர்ந்து ஆட்சேபம் கொடுத்தோம். நேரில் பார்க்க ஒரு அதிகாரி வருவதாகச் சொன்னார்கள்.

அன்று காலை அங்கே போனதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. எங்கள் நலச்சங்கத்துக்காரர்கள் வாட்ச்மேனிடம் சாவி வாங்கி, முன்பக்கச் சுவர் முழுக்கப் பளிச்சென்று வெள்ளையடித்து, வாசலில் பெரிய கோலமும் போட்டிருந்தார்கள்.

அதிகாரி வந்து சுற்றும்முற்றும் பார்த்தார். "பழைய பில்டிங்னு எழுதியிருந்தீங்களே, அது எங்க?"

நான் சங்கச் செயலாளர் மேல் பாய்ந்தேன். "பழசைக் காட்டத்தானே சார் இவரைக் கூப்பிட்டோம்! இப்பப் போய் யாராவது வெள்ளையடிப்பாங்களா?"

ரிட்டயரான அந்த மனுஷர் விரலில் காய்ந்திருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். "வீட்டுக்கு ஒருத்தர் வராரே மேடம், அப்படியே போட்டு வைக்கவா முடியும்?"

அதிகாரி குனிந்து ஷூவைக் கழற்றி, கோலத்துக்கு ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார்.