சிக் ரூமில் அழாத பையன்

பள்ளிக்கூட நர்ஸ் வேலையில் பாதி, அழுகிற பிள்ளைகளில் யாருக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை என்று கண்டுபிடிப்பதுதான். பிள்ளைகளோடு மாரடிக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாமக்கல் பக்கம் ஒரு பெரிய உண்டு உறைவிடப் பள்ளியில் ஒன்பது வருஷமாக சிக் ரூம் என் பொறுப்பு. நிஜ வலி எது, நடிப்பு எது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு. ஏழாம் வகுப்புப் பிரவீன் வரும்வரை அது செல்லுபடியானது. சண்டை போடுவான், ஜன்னல் கண்ணாடியை உடைப்பான், வாத்தியார் பாதிப் பாடத்தில் இருக்கும்போது எழுந்து போய்விடுவான். ஆனால் அழ மாட்டான்.

வெந்நீர்

சட்டையைக் கழற்ற முடியவில்லை என்று வார்டன் அவனை இழுத்துக்கொண்டு வந்தார். சட்டைக் கை புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. குளியலறையில் வெந்நீர் கொட்டி இரண்டு நாளாகியிருக்கிறது, யாரிடமும் மூச்சு விடவில்லை. சலைன் ஊற்றி ஊறவைத்துத் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தேன். அவன் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏன் சாமி, வலிக்கலையா?" என்று கேட்டேன். வார்டன் முந்திக்கொண்டார்: "இவனுக்கு வலியே தெரியாதுங்க சிஸ்டர். பிரம்பு முறிஞ்சாலும் அப்படியே நிப்பானுங்க."

ஐந்து முகங்கள்

சிக் ரூமில் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். சிரிப்பில் ஆரம்பித்து அழுகையில் முடியும் ஐந்து முகங்கள். வலி எவ்வளவோ, அந்த முகத்தைப் பிள்ளைகள் தொட்டுக் காட்ட வேண்டும். நாமக்கல்லில் நானே அச்சடித்து லேமினேஷன் போட்டு வந்தது. பிரவீன் எப்போதும் முதல் முகத்தைத்தான் தொடுவான். முழங்கால் கிழிந்த அன்றும் சிரிப்பு முகம், நெற்றியில் நாலு தையல் போட்ட அன்றும் சிரிப்பு முகம்.

ஒரு மத்தியானம் அறையில் வேறு யாரும் இல்லை. கட்டு மாற்றிக்கொண்டே, "நிஜமாவே வலிக்கலையாடா?" என்றேன். கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "வலிக்குதுங்க சிஸ்டர். அழுதா இன்னும் ரெண்டு அடி உழுவுமுங்க."

பெற்றோர் ஞாயிறு

முதல்வரிடம் போய்ச் சொன்னேன். வார்டனை விசாரிப்பதாகச் சொன்னார். விசாரித்தாரா என்று நான் மறுபடி போய்க் கேட்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன? அதற்குப் பதிலாக அவன் அப்பாவிடம் சொல்லலாம் என்று பெற்றோர் ஞாயிறுக்குக் காத்திருந்தேன்.

ஜலகண்டாபுரத்தில் விசைத்தறி ஓட்டுகிற மனிதர். பையன் அடங்கட்டும் என்றுதான் ஹாஸ்டலில் சேர்த்தாராம். வெந்நீர்க் கதையையும் பிரம்புக் கதையையும் நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் கவலைக்குப் பதில் பூரிப்பு வந்தது. நுனி இல்லாத சுட்டுவிரலை என் முன்னால் நீட்டினார்: "தறியில இது போனப்ப, துண்டைச் சுத்திக்கிட்டு ஓட்டத்த முடிச்சுட்டுத்தானுங்க ஆஸ்பத்திரி போனேன். எங்கூட்டுப் பையன் வேற எப்படிங்க இருப்பான்?"

ஸ்லிப்

எங்கள் பள்ளியில் சிக் ரூமுக்கு வருகிறவனிடம் ஒரு ஸ்லிப் இருக்கும். மாத்திரை, ஓய்வு, வகுப்புக்கு என்று மூன்று கட்டங்கள். ஏதாவது ஒன்றில் நான் டிக் போட வேண்டும். ஒரு புதன்கிழமை சாயங்காலம் பிரவீன் தானாகவே இரண்டு மாடி ஏறி வந்தான். யாரும் இழுத்து வராமல் அவன் வந்தது அதுதான் முதல் தடவை. "வயிறு ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்றான். மறுநாள் கணக்குப் பரீட்சை.

வயிற்றை அழுத்திப் பார்த்தேன். முகம் சுளிக்கவில்லை. அட்டையை நீட்டினேன். சிரிப்பு முகத்தைத் தொட்டான். அழுதால் அடி விழும் என்று இதே பையன் இதே அறையில் சொன்னது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகமே வரவில்லை. 'வகுப்புக்கு' என்ற கட்டத்தில் டிக் போட்டு, "பரீட்சைக்குப் படி, சரியாயிடும்" என்று அனுப்பிவைத்தேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் விழுந்தான். குடல்வால் வெடித்துச் சீழ் வயிறு முழுக்கப் பரவியிருந்தது. ஆபரேஷன் முடித்து வெளியே வந்த டாக்டர் அவன் சட்டைப் பையிலிருந்த என் ஸ்லிப்பைப் பார்த்து, நடந்ததை விசாரித்துவிட்டுக் கேட்டார்: "இந்த வலியில பெரிய ஆளே நிமிர்ந்து நிக்க முடியாதுங்க. உங்களைத் தேடி அவன் மாடி ஏறி வந்திருக்கான், நீங்க என்னத்தைப் பார்த்தீங்க?"

வார்டில்

பையன் பிழைத்துக்கொண்டான். வார்டுக்குப் போய், "மன்னிச்சிரு சாமி" என்றேன். கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த கை வெளுத்துப்போயிருந்தது. "வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்லைங்க சிஸ்டர்" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரே ஒரு தடவை என்னிடம் உண்மையைச் சொன்ன பிள்ளை, இனி யாரிடமும் சொல்ல மாட்டான் என்று நினைத்தபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அவன் வீடு திரும்புவதற்குள் டி.சி. எழுதியாகிவிட்டது. வார்டன் அதே வேலையில்தான் இருக்கிறார். முதல்வரிடம் எவ்வளவோ கெஞ்சினேன். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "வலிச்சா சொல்லத் தெரியாத பையன வெச்சுக்கிட்டு நாம எப்படிங்க சிஸ்டர் ரிஸ்க் எடுக்கறது?"

அழுகிறவனுக்கு மாத்திரையும் அழாதவனுக்கு டி.சி.யும் கொடுக்கிற அந்தப் பள்ளிக்கூடத்தில், அனுபவசாலி என்று பெயர் வாங்கிக்கொண்டு நான் இன்னும் வேலை பார்க்கிறேன்.