இடித்தது லாண்டரி வேன்

கார் சித்திக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பல் துலக்கிக்கொண்டே துணி மடிப்பாள். போனில் பேசி முடிப்பதற்குள் வீட்டை மூன்று சுற்று சுற்றியிருப்பாள். அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஒரே முக்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர். "உன் கால்ல சக்கரம் கட்டி விட்டுட்டாங்க" என்று சிரிப்பார்.

அந்தச் சக்கரத்தையே அவள் பிழைப்பாக்கிக்கொண்டாள். தெருவிலிருந்து நான்கு பிள்ளைகளைத் தன் சொந்தக் காரில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவாள், சாயங்காலம் அழைத்து வருவாள். பெற்றோர்கள் மாதாமாதம் ஏதோ கொடுத்தார்கள். 'கார் சித்தி' பிள்ளைகள் வைத்த பெயர். ஆறு வருடத்தில் பெரியவர்களுக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் சிக்னலில் நின்றவளை, பின்னால் வந்த லாண்டரி வேன் ஒன்று இடித்தது. டிக்கி உள்வாங்கிப் பின் சீட்டைத் தொட்டது. வேன் டிரைவர் இறங்கி ஓடிவந்தான்.

"அக்கா, தப்பு என் மேலதான். முதலாளியம்மாவுக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும். போலீசுக்கெல்லாம் போக வேணாம்க்கா. உங்க இன்சூரன்ஸ்லயே வாங்கிக்குங்க."

அவன் கண் கலங்கியதும் இவள் மனம் இளகிவிட்டது. "சரி, போப்பா" என்றாள். வண்டி நம்பரைக்கூடக் குறித்துக்கொள்ளவில்லை.

வீட்டில் இன்சூரன்ஸ் படிவத்தை விரித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. விபத்தின்போது வாகனம் எதற்காக ஓட்டப்பட்டது என்று ஒரு கேள்வி. அவள் பாலிசியோ சொந்த உபயோகத்துக்கானது. காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றும் வண்டிக்கு நஷ்டஈடு கிடையாது என்று அதில் தெளிவாகவே போட்டிருந்தது.

"காய்கறி வாங்கப் போனேன்னு எழுதேன். யாரு வந்து பார்க்கப் போறா?" என்றார் கணவர்.

எழுதி அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அலமாரியைக் காலி பண்ணி, அடுக்கி, மறுபடி காலி பண்ணினாள். போன் அடித்தால் தூக்கிவாரிப் போட்டது. காலையும் மாலையும் நான்கு பிள்ளைகளையும் நடத்தியே கூட்டிப்போனாள். அந்த நேரம் மட்டும் மூச்சு ஒழுங்காக வந்தது.

வெள்ளிக்கிழமை, சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தார். நசுங்கிய பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன ஷூவை எடுத்தார்.

"உங்க பிள்ளையோடதாம்மா?"

அவளுக்குப் பிள்ளை இல்லை. சும்மா தலையாட்டியிருக்கலாம். ஆனால் மூன்று நாளாக மறைத்து வைத்திருந்தது அத்தனையையும் அவரிடம் கொட்டிவிட்டாள்.

சர்வேயர் பேனாவை மூடினார். "அந்தப் படிவத்தை முதல்ல வாபஸ் வாங்குங்க. பொய்னு தெரிஞ்சா மொத்தமும் போச்சு. உண்மையை எழுதினாலும் உங்க பாலிசி கொடுக்கிறது சந்தேகம்தான். ஆனா, இடிச்சது வேன்தானே? அந்த வேனோட இன்சூரன்ஸ்தான் உங்களுக்குக் கொடுக்கணும். நீங்க எதுக்காகப் போனீங்கன்னு அங்க பேச்சே இல்ல. நம்பர் இருக்கா?"

"இல்ல சார்."

"போலீஸ்ல எழுதிக் கொடுத்தீங்களா?"

அதுவும் இல்லை. அவர் அவளை ஒரு முறை பார்த்தார். "நல்ல மனசும்மா உங்களுக்கு" என்றார். அது பாராட்டு இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

படிவத்தை அன்றே வாபஸ் வாங்கினாள். திங்கட்கிழமையிலிருந்து, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டதும் அதே சிக்னலில் போய் நின்றாள். வெயிலில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். புதன்கிழமை முன்பக்கம் நசுங்கிய வேன் வந்தது. சிவப்பு விழுந்ததும் ஓடிப்போய் அதன் முன்னால் நின்றாள். டிரைவரின் முகம் வெளிறிப்போனது.

"நீங்கதானேக்கா சரின்னீங்க!"

"தெரியாம சொல்லிட்டேன்பா. உன் கையிலேர்ந்து ஒரு காசு வேணாம். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குல்ல? உங்க முதலாளியம்மாகிட்ட நானே பேசறேன்." பதிலுக்குக் காத்திராமல் ஏறி, போர்வை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டாள்.

லாண்டரியில் முதலாளியம்மா எல்லாவற்றையும் கேட்டு முடித்ததும் டிரைவர் பக்கம் திரும்பினார். "நிறுத்தின வண்டியை எவனோ இடிச்சுட்டான்னு சொன்னியேடா!" வண்டை வண்டையாகத் திட்டினார். திட்டிக்கொண்டே மேசை டிராயரைத் திறந்து பாலிசி நகலை எடுத்து நீட்டினார். மூவருமாகவே ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தார்கள்.

பணம் வர ஐந்து மாதம் ஆனது. அதுவரை நடைதான். அதற்குள் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முறையான அனுமதியும் அதற்கான பாலிசியும் எடுத்தாள். கட்டணம் கூடியதால் ஒரு வீடு நின்றுவிட்டது. மீதி மூன்று பிள்ளைகள் ஒட்டிக்கொண்டார்கள்.

டிரைவருக்கு வேலை போகவில்லை. ஆனால் ஒரு மாதம் இஸ்திரி மேசைக்குத் தள்ளிவிட்டார்கள். கார் சித்திக்கு அது உறுத்தியது. ஒருநாள் போய்ப் பார்த்தாள்.

"கோவமாப்பா?"

அவன் பெட்டியை நிமிர்த்தி வைத்து வேர்வையைத் துடைத்தான். "இருந்துச்சுக்கா. இப்ப இல்ல. சூடுதான் தாங்கல. ஆனா பாருங்க, வண்டி ஓட்டி ஓட்டி வந்த முதுகுவலி போயே போச்சு."