ஆறு இறுவட்டும் ஒரு பொட்டும்

என் மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஒரு முறைக்கு நான்கு மணித்தியாலம். 2009இன் தொடக்கத்தில், இரண்டு முறை, இரண்டரை மணித்தியாலத்தோடு போதும் என்று ஊசியைக் கழற்றச் சொல்லி எழும்பி வந்துவிட்டாள். இப்படிப் பாதியில் எழும்பினால் நுரையீரலில் நீர் கட்டும் என்று தாதி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். லண்டனில் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் நோர்பரி வீட்டுக்குப் பதினொரு பஸ் தரிப்பு.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள்: "அந்த மெசின் கத்துறதைக் கேட்டுக்கொண்டு நாலு மணித்தியாலம் கிடக்க ஏலாதப்பா. என்ரை பாட்டுகளைக் கொண்டுபோக வழி பாருங்கோ. கிடக்கிறன்."

அவளுடைய பாட்டுகள் ஆறு இறுவட்டுகளில் இருந்தன. வட்டுக்குப் பன்னிரண்டாக எழுபத்திரண்டு பக்திப் பாடல்கள். நான்கு வருடங்களுக்கு முன் ஈஸ்ட் ஹாமில் நானே வாங்கியவை, அசல். வீட்டுப் பிளேயரில் நன்றாகப் பாடின. ஆனால் ஆஸ்பத்திரிக்கட்டிலில் ஒரு கை ஊசியோடு அசையாமல் கிடக்க, மறு கையால் மணிக்கொரு வட்டு மாற்ற முடியாது. கனடாவிலிருந்து மகள் தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டுப்பெட்டி அனுப்பியிருந்தாள். வட்டிலுள்ளதைக் கொம்பியூட்டருக்கு மாற்றி, அங்கிருந்து பெட்டிக்கு ஏற்றினால் வேலை முடிந்தது.

முடியவில்லை. கொம்பியூட்டர் வட்டை விழுங்கும், உறுமும், பிறகு வெறும் வட்டு என்று சொல்லித் துப்பும். ஒரு வட்டை ஏழு தடவை போட்டுப் பார்த்தேன். அதன் பின்புதான் பூதக்கண்ணாடியை எடுத்து உறையின் முதுகை வாசித்தேன். பிரதி எடுக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறதாம். திருடர்களை எச்சரிக்க முப்பத்தேழு சொற்கள். திருடர் எவரும் அதை வாசிக்கப் போவதில்லை. இந்த உறையை அவர்கள் வாங்குவதே கிடையாது. வாசிக்கக் கிடைத்தவன் நான் ஒருவன்தான்.

வட்டுகளை வெளியிட்ட கம்பனிக்கு இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினேன். பத்தொன்பது நாள் கழித்து நான்கு வரியில் பதில் வந்தது. என் வட்டுகளில் பழுது எதுவுமில்லை, கொம்பியூட்டரில் பாடாமலிருப்பதற்காகவே அவை அவ்வாறு தயாரிக்கப்பட்டன, வாடிக்கையாளர் என்ற முறையில் எனக்கு நன்றி. பாடாமலிருப்பதற்குப் பாடுபட்டுச் செய்த பாட்டு வட்டை உலகத்தில் வேறு எங்கும் நான் கண்டதில்லை. அந்தப் பத்தொன்பது நாளில் மனைவி இன்னும் மூன்று முறை பாதியில் எழும்பிவிட்டாள்.

கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் தெருமுனைக் கடைக்காரரிடம் போனேன். சுவிஸிலிருந்து வந்து அரிசி, தொலைபேசி அட்டை, களவாகப் பதிந்த வட்டுகள் எல்லாம் விற்பவர். பின்னறையில் கொம்பியூட்டரும் திருத்துவார். களவுப் பிரதி விற்கிறீர் என்று அவரை நான் பலமுறை கண்டித்திருக்கிறேன். அதை அவர் மறக்கவில்லை.

"ஐயா, இந்த ரோட்டிலை ஒரிஜினல் வாங்கின ஒரே ஆள் நீங்கள்தான். பூட்டும் உங்களுக்கு மட்டுந்தான் போட்டிருக்கிறாங்கள்."

"பகிடியை விடும். உம்மட்டை இந்தப் பாட்டுகள் இருக்கோ?"

"இருந்தா உடனை தந்திருப்பன். உதுகளைக் கேக்கிற சனம் என்னட்டைக் கொப்பியும் வாங்காது."

நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த ஐந்து வட்டுகளையும் போட்டுப் பார்த்தார். ஐந்தும் வெறும் வட்டுகள். "ஆறாவது எங்கை?" என்றார்.

"அதைப் போடவேண்டாம். அதிலை பொட்டிருக்கு."

"என்னது?"

என் மனைவி வீட்டுக்கு வரும் எந்தப் புதுப் பொருளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். எங்கள் குளிர்சாதனப் பெட்டி, கேத்தில், தொலைக்காட்சி எல்லாவற்றிலும் மூலையில் ஒரு பொட்டு இருக்கும். வட்டுக்கு மூலை இல்லாதபடியால் கரையில் வைத்தாள். அதுவும் பளபளக்கிற பக்கத்தில். அச்சடித்த பக்கத்தில் இருந்த சாமிக்கு ஏற்கெனவே பொட்டு இருந்ததாம். நான் பார்த்துவிட்டுக் கத்தினேன். துடைக்கவும் அவள் விடவில்லை. மற்ற ஐந்துக்கும் பொட்டு விழாமலிருக்க, அவளுக்குத் தெரியாமல் நானே உறை பிரித்து எடுத்துவைத்தேன். சந்தனத்தூள் உள்ளே கொட்டுமென்று பயந்து, பொட்டு வட்டை மட்டும் நான் கொம்பியூட்டரில் போட்டதேயில்லை.

கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, பையிலிருந்து அதையும் எடுத்து உள்ளே தள்ளினார். பன்னிரண்டு பாட்டுகளும் வரிசையாகத் திரையில் வந்து நின்றன. ஐந்து நிமிடத்தில் பிரதியும் ஆகிவிட்டது. அவர் சிரிப்பை நிறுத்தி, வட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சரித்தார்.

"கரையிலை ஒரு வளையம் தெரியுது பாருங்கோ. பூட்டு அதுக்கைதான். கொம்பியூட்டர் முதல் அதைப் படிச்சுக் குழம்பிப்போடும். பொட்டு அதை மறைச்சிட்டுது. ஐயா, எத்தினை படிச்சவங்கள் கூடிச் செய்த பூட்டு! அன்ரி ஒரு விரலாலை திறந்துபோட்டா."

"சரி, சரி. கனக்கச் சிரியாதையும்."

வீட்டுக்குப் போய் ஐந்து வட்டுகளையும் மனைவியின் முன்னால் வைத்தேன்.

"இதுகளுக்கும் பொட்டு வையும்."

அவள் கண்ணாடியைச் சரிசெய்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நாலு வருசத்துக்கு முந்தி எனக்கு மூளை இல்லையெண்டு சொன்ன வாய்தானே இது?"

"அது வேறை, இது வேறை. வையும்."

"இப்ப ராகுகாலம். நாலரைக்குப் பிறகு வைப்பம்."

ஐம்பத்திரண்டு நிமிடம் காத்திருந்தேன். பிறகு அவள் குளித்து, விளக்கேற்றி, ஐந்துக்கும் கரையில் பொட்டு வைத்தாள். காயும்வரை விசிறினேன். கடை பூட்டுவதற்கு முன் அறுபது பாட்டுகளும் ஏறிவிட்டன. எழுபது வயதுவரை ஒரு பிரதி எடுக்காதவன் ஒரே நாளில் எழுபத்திரண்டு எடுத்தேன். கம்பனிக்கு இதையும் எழுதி அறிவிக்கலாமா என்று யோசித்தேன். அடுத்த வட்டில் பொட்டுக்கும் பூட்டுப் போட்டுவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தாதி ஊசி ஏற்றியதும் பாட்டுப்பெட்டியின் இரண்டு குமிழ்களையும் மனைவியின் காதுகளில் வைத்தேன். மெசின் வழக்கம்போலக் கத்தியது. அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாவது பாட்டில் நித்திரையாகிவிட்டாள்.

நான் பட்ட இத்தனை பாடும் மூன்று பாட்டுக்கு. ஒரு குமிழை மெதுவாக உருவி என் காதில் வைத்துக்கொண்டேன். நான்கு மணித்தியாலம் முடிந்து தாதி வந்து தட்டியபோது நாற்பத்தாறாவது பாட்டு போய்க்கொண்டிருந்தது. மனைவி கண்ணைத் திறந்து, "அதுக்குள்ளை முடிஞ்சுதோ?" என்றாள்.