ரொட்டி நேரம் எழுதிய கை

“ரொட்டிக்காக எழுதினது, துரை.” இவ்வளவுதான் இராஜமாணிக்கம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏழு வருஷமாகச் சன்னாசியின் தொண்டையில் நிற்பது அதுதான். அந்த வார்த்தையை நாலு பேர் காதில் விழ அவர் வாயாலேயே ஒருமுறை சொல்ல வேண்டும். அதைத் தவிர அவரிடம் சன்னாசி வேறெதையும் கேட்டதில்லை.

இராஜமாணிக்கம் கோலா பிலாவில் ரொட்டி அடுப்பு வைத்திருந்தவர். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவுவதை விட்டுவிட்டு வந்து தொழில் ஆரம்பித்தார். ஆறாம் வகுப்புவரை படித்தவர். முத்து முத்தாக எழுதுவார், அதிர்ந்து பேசமாட்டார். சன்னாசிக்குப் படிப்பு இரண்டோடு சரி. ஆனால் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் விற்றவன் அவன்தான். இருவரும் கூட்டு.

வெள்ளைக்காரன் அவசர காலச் சட்டம் போட்டான். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாதென்று தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காலை ஆறுக்குத் திறக்கிற கேட்டை மாலை ஆறுக்கு மூடிவிடுவார்கள். ஒவ்வொரு கேட்டிலும் ரொட்டியைக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். ஒரு தோட்டத்தை முடிப்பதற்குள் பொழுது போய்விடும். மற்ற ரொட்டிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கைகழுவினார்கள்.

“அவனுங்க விட்ட இடத்தையெல்லாம் நாம புடிக்கலாம்ணே,” என்றான் சன்னாசி. “நேரத்த மட்டும் சரியாப் புடிச்சாப் போதும்.”

அவன் கணக்கு இதுதான். ஆட்கள் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு ஒன்றரைக்கு வீடு திரும்புவார்கள். இரண்டு மணிக்குத் தேத்தண்ணி கொதிக்கும். மூன்றுக்கு மேல் ரொட்டி விலைபோகாது. ஆறாங்கட்டைத் தோட்டத்துக் கேட்டில் ஒன்றே முக்காலுக்குக் காவல் மாறும். புதிதாக வந்தவன் முதல் கால்மணி நேரம் அலுப்பில் சும்மா விட்டுவிடுவான். இரண்டரைக்குப் பட்டாள லாரிகள் போகும். அப்போது சாலையில் இருந்தால் இருபது நிமிஷம் ஓரத்தில் நிற்க வேண்டும். இதையெல்லாம் அறிந்து மிதித்தால் ஒரு நாளில் நாலு தோட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இராஜமாணிக்கத்தின் அடுப்படியில் உட்கார்ந்து அவன் சொன்னான், அவர் ஒரு தாளில் எழுதினார். அவர் பெண்டாட்டி நீலாவதி வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்தாள். “ரயிலுக்குக்கூட இம்புட்டு நேரம் எழுதமாட்டான்லா. ரொட்டிக்கு எழுதறீங்களே.”

நாலே மாதத்தில் நாலு தோட்டம், இரண்டாவது சைக்கிள், அதற்கொரு ஆள். லயத்துப் பெண்கள் சன்னாசிக்குக் கடியாரம் என்றே பேர் வைத்தார்கள். “ஏன்யா, தாலி கட்டினதும் இப்படி நேரம் பாத்துத்தானா?” என்பாள் மாரியம்மா. “நல்ல நேரம் பாத்துத்தான் கட்டினேன் அக்கா. அப்பவும் இப்படித்தான் அலையறேன்.”

ஐம்பத்தொன்றில் ஒருநாள் ஒன்பதாங்கட்டைக் கேட்டில் புதுப் போலீஸ் துரை நின்றான். பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த தாளை உரித்துக் கூட வந்த போலீஸ்காரனைப் படிக்கச் சொன்னான். எந்தக் கேட்டில் எத்தனை மணிக்குக் காவல் மாறுகிறது, எந்த வளைவில் எப்போது பட்டாள லாரி வருகிறது என்று அதில் அத்தனையும் இருந்தது. ரொட்டி என்கிற சொல் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. ரொட்டிப் பெட்டியில் ஒட்டுகிற தாளில் அதை எவன் எழுதுவான்? துரைக்கோ அது காட்டுக்குப் போகிற துப்பாகத்தான் தெரிந்தது.

ஸ்டேஷனுக்கு இராஜமாணிக்கத்தையும் கூட்டிவந்தார்கள். சன்னாசிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எழுதினவரே வந்துவிட்டாரே.

“இது யாரு எழுத்து?”

“என்னுதுதான் துரை.”

“எதுக்கு எழுதின?”

இராஜமாணிக்கம் தரையைப் பார்த்தார். “அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். எதுக்குன்னு எனக்குத் தெரியாது.”

“அண்ணே, எதுக்குன்னு சொல்லுங்கண்ணே.”

அவர் தாளைத் துரை பக்கம் தள்ளி வைத்தார்.

விசாரணை ஏதும் இல்லாமல் இரண்டு வருஷம் தடுப்பு முகாம். அங்கே தினமும் இரண்டு மணி ஆனால் ரொட்டி இப்போது ஆறாங்கட்டையில் நிற்கும் என்று சன்னாசிக்குத் தெரியும். அவன் பிடித்துக் கொடுத்த நேரத்தில்தான் வியாபாரம் ஓடிக்கொண்டிருந்தது. இராஜமாணிக்கம் அவன் வீட்டுக்கு வாரம் தவறாமல் ரொட்டி அனுப்பினார். அவன் பெண்டாட்டி செல்லம் வாங்கிக்கொண்டாள்; பிள்ளைகளுக்குப் பசி. அதுவும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

வெளியே வந்தபோது இராஜமாணிக்கத்திடம் வேன் இருந்தது. ஏழு தோட்டம். சன்னாசி ஒன்பதாங்கட்டையில் புல் வெட்டப் போனான். ஒருமுறை அவரே தேடி வந்தார்.

“வேன்ல வந்துரு தம்பி. புல்லு வெட்டற ஆளா நீ?”

“காலையில பேர் கூப்பிடற பெரட்டுக்கு எல்லாரும் நிப்பாங்க. அங்க வந்து அந்த ஒரு வார்த்தையச் சொல்லுங்க. வரேன்.”

“அதெல்லாம் இப்ப எதுக்குலா? முடிஞ்சு போனது.”

“உங்களுக்கு முடிஞ்சிருச்சு.”

ஐம்பத்தெட்டில் அவருக்கு ஈரல் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடப்பதாகவும், சன்னாசியைப் பார்க்க வேண்டுமென்று சொல்வதாகவும் ஆள் வந்தது. கடைசியில் சொல்லத்தான் போகிறார் என்று சன்னாசி நினைத்தான். சட்டையை மாற்றிக்கொண்டு போனான். பக்கத்துக் கட்டில்களில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். நல்லதாகப் போயிற்று. நீலாவதி வெந்நீர் வாங்கப் போயிருந்தாள்.

“கிட்ட வா தம்பி.”

“இங்கேருந்தே கேக்குது. சத்தமாச் சொல்லுங்கண்ணே.”

அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே பேசினார். “நீலாவதி சோறு போடறா, துணி தொவைக்கிறா. ஏழு வருஷமா மொகம் குடுத்து ஒரு பேச்சு இல்ல. அவ அடுப்படியிலதானே எழுதினோம். அவளுக்கு எல்லாம் தெரியும்.”

“சரி, அதுக்கு?”

“தெரியாதுன்னு சொல்லச் சொன்னதே நீதான்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு. ரெண்டு குடும்பமும் நடுத்தெருவுக்கு வரக்கூடாதுன்னு நீயே சொன்னதாச் சொல்லு. இப்ப வந்துருவா. சொல்லிருடா.”